கிண்டர் மலையில் இரு நாட்கள்

ஷெபீல்ட், மன்செஸ்டர் என்னும் இரு பெருந் தொழில் நகரங்களுக்கிடையே ஒரு மலைநாடு கிடக்கின்றது. பீக் டிஸ்ட்ரிக்ட் என்பது அதன் பெயர். 1951ஆம் ஆண்டிற் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாகியது இதுவே. மேற்படிப்பின் பொருட்டு யான் ஓராண்டு ஷெபீல்டில் தங்கியிருந்த காலத்தில், ஆவணி மாதத்து வாரவிடுமுறை ஒன்றை அங்கே கழிக்கும் வாய்ப்புக் கிட்டிற்று. உடன் வந்தோர் மூவர்: மலேசியத் தமிழர் ஒருவர், நைஜீரியர் ஒருவர், உள்ளூர் ஆசிரியர் ஒருவர். வழிகாட்டியும் அவரே.

புகைவண்டி, 5 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட டொட்லிச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளியே வந்தபொழுது நகரத்தின் சுவடே இல்லை. பசும் புற்சரிவுகள், ஆடுகள், கல்மதில்கள். ஈடேல் என்னும் சிற்றூரில் இறங்கினோம்.

அம்மதில்கள் எனக்கு நெடுந்தீவை நினைவூட்டின. சாந்தின்றிக் கல்மேற் கல்லடுக்கும் கைவண்ணம் ஈரிடத்தும் ஒன்றே. நெடுந்தீவாருக்கு வாய்த்தது பவளக்கல், இவர்களுக்கு வாய்த்தது மணற்கல். ஆனால், இங்கே பாதை மதிலைச் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கடவை உண்டு. ஏறிக் கடக்கப் படி. அருகே 'பொதுப் பாதை' என்னும் கைகாட்டி. எங்கள் பாதை ஒரு கமக்காரரின் முற்றத்தினூடாகவே சென்றது. மலேசிய நண்பர் தயங்கி நின்று, "அடுத்தவர் வீட்டு வாசலில் நுழையலாமா, சார்?" என்று என் காதோடு கேட்டார். கமக்காரரோ தலையசைத்து வழிவிட்டார். அவருடைய நாய்தான் சிறிது ஆட்சேபித்தது.

இவ்விடயத்தில் அந்நாட்டுச் சட்டம் சுவையானது. பொதுமக்கள் ஒரு வழியை ஒளிவுமறைவின்றி, அனுமதி கேளாது, 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தினால், நிலக்காரர் மாறாக நிறுவினாலன்றி, அது பொதுவழியாகவே கொள்ளப்படும். வயலின் நடுவே செல்லும் நடைபாதையை உழ நேர்ந்தால் 14 நாட்களுட் செப்பனிட்டுத் தரவேண்டும். உறுதியில் 'வழி வாய்க்கால்' என்று எழுதி வைத்த பின்னரும் ஒரு முழ ஒழுங்கைக்காகத் தலைமுறையாய் வழக்காடும் யாழ்ப்பாணத்திற் பிறந்த எனக்கு இது பெருவியப்பாயிருந்தது.

அன்றிரவு மழை. மறுநாட் காலை ஏறத் தொடங்கினோம். கிண்டரின் உயரம் 636 மீற்றர். நமது பீதுருதாலகாலையிற் கால்வாசியே. எனினும் காற்று எம்மைப் பந்தாடியது. உச்சியிற் சிகரம் எதுவுமில்லை; கரிய சேற்று நிலம் பரந்து கிடக்க, ஹெதர்ச் செடிகள் ஊதா நிறத்திற் பூத்திருந்தன. மேல்காற்று வீசும்போது இங்குள்ள நீர்வீழ்ச்சியின் நீர் கீழே விழாது மேல்நோக்கிப் பறக்கின்றது!

செடிகளிடையே கிரௌஸ் என்னும் பறவை கரகரத்தது. 'திரும்பிப் போ' என்று அது கூவுவதாக ஆங்கிலேயர் வேடிக்கையாய்ச் சொல்வர். அப்பறவையின் வேட்டைக்காகவே நிலப்பிரபுக்கள் இம்மலையை ஒருகாலத்தில் மூடிவைத்திருந்தனர். வாரமெல்லாம் ஆலைப்புகையிற் கிடந்த தொழிலாளருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. 1932 ஏப்பிரல் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர்களுட் சில நூற்றுவர் தடையை மீறி ஏறினர். காவலாளருடன் கைகலப்பு மூண்டது. ஐவருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. முன்னின்ற பென்னி றொத்மனுக்கு வயது 20. அவர் பெற்றது 4 மாதம்.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. மலைகளிலும் திறந்த கரம்பு நிலங்களிலும் பாதை விலகியும் நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 2002இல், எழுபதாவது ஆண்டு நினைவு விழாவிலே, 11ஆவது டெவன்ஷயர் கோமகன் தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க றொத்மன் இல்லை. அவ்வாண்டு சனவரியிலேயே காலமாகிவிட்டார்.

"இவ்வாறு நடக்கக்கூடிய நிலம் எவ்வளவு?" என்றார் நைஜீரிய நண்பர்.

"இங்கிலாந்தில் ஏறத்தாழ 8 வீதம்."

"எஞ்சியது?"

ஆங்கில நண்பர் விடையிறுக்காது தேநீர்க் குடுவையைத் திறந்தார்.

அன்று அவர்கள் ஏறிய வில்லியம் பள்ளத்தாக்கு வழியாகவே நாங்கள் ஹேபீல்டுக்கு இறங்கினோம். அவர்கள் கூடிய கற்குழி இன்று வாகனத் தரிப்பிடம். பாறையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கின்றார்கள். அதனடியிற் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் ஒரு தாய். அவர்கள் மலைக்குப் புறப்படுகின்றார்கள்.