எழுத்தில் ஒரு வினா

அந்நியர் ஆட்சிக் காலத்தில், 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டமே உறுப்பினர்க்கு அரசினரை வினவும் உரிமையை முதன்முதல் அளித்தது. அதுவும் அரைகுறை உரிமையே. விடை எவ்வாறு இருப்பினும் அதன்மேல் மறுவினா எழுப்புதல் ஆகாது. வினவியவர் வாய்மூடி அமர வேண்டியதுதான்! 1909ஆம் ஆண்டுச் சட்டமே அவர்க்குத் துணைவினா எழுப்ப இடங்கொடுத்தது.

இன்று நாடாளுமன்றத்தில் வினாக்கள் இருவகைப்படும். நட்சத்திரக் குறியிட்டவற்றிற்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடையிறுப்பார். துணைவினாக்களுக்கும் அவர் ஈடுகொடுத்தல் வேண்டும். குறியிடாதவற்றிற்கு எழுத்து வடிவில் விடை வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு முன்னவை 20, பின்னவை 230. எவ்வகை வினாவாயினும் அதில் வாதமும் வசையும் இருத்தல் கூடாது. செய்தித்தாள்கள் பெரிதும் நாடுவது வாய்மொழிச் சொற்போரையே. ஆயினும், எழுத்து விடையின் ஆற்றலைக் குறைவாக மதித்தல் தவறு. வாய்ச்சொல்லைத் திறமையால் மழுப்பிவிடலாம். அவைக் குறிப்பில் ஏறிய எண்ணை மழுப்புதல் அரிதன்றோ?

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியது. மார்ச்சுத் திங்களில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. பிழைப்பிழந்த தொழிலாளர் குழந்தைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தனர். சிலர் வழியிலேயே மாண்டனர். செப்டம்பரில் அவை கூடியபோது, நோயைக் காரணங்காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கிவிட்டனர். எஞ்சியது எழுத்து வினா ஒன்றே.

ஊர் திரும்புகையில் இறந்த தொழிலாளர் எத்துணையர், அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்று மக்களவையில் வினவப்பட்டது. செப்டம்பர் 14ஆம் நாள் தொழிலாளர் நல அமைச்சகம் விடை தந்தது: அத்தகைய கணக்கு எதுவும் வைக்கப்படவில்லை, ஆகவே, இழப்பீடு பற்றிய வினாவே எழவில்லை. ஊர் திரும்பியோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர் என்பதற்கு மட்டும் அரசினரிடம் கணக்கு இருந்தது. கணக்கின்மையே கைவிரிப்பதற்குக் காரணமாயிற்று.

சில நாட்களில், மாநிலங்களவை உறுப்பினர் டெரிக் ஓ'பிரையன் எழுப்பிய வினாவிற்கு இரயில்வே அமைச்சர் எழுத்தில் விடையளித்தார். தொழிலாளர் சிறப்பு இரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9ஆம் நாள் வரை 97 பேர் இறந்தனர் என்பது அவ்விடை. மாநிலக் காவல்துறையினர் தந்த கணக்கு அது. ஓர் அமைச்சகத்தில் இல்லாத எண் மற்றோர் அமைச்சகத்தின் ஏட்டில் இருந்தது! சாலையில் மாண்டவர் இந்த 97இல் அடங்கார்.

அவ்விடையில் மேலும் சில எண்கள் உண்டு. 87 உடல்கள் பிணப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. வந்து சேர்ந்த அறிக்கைகள் 51. மீதி 36 அறிக்கைகள் எங்கே என்பது அடுத்த வினா.