குழந்தையை வைத்துக்கொண்டு இவளுக்கு ஏன் இந்த வேலை?

மெஷினில் போடுவதற்கு முன்னால் சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் பழக்கம். சில்லறை கிடைக்கும், பஸ் டிக்கெட் கிடைக்கும், சில நாள் பேனா மை கையில் ஒட்டும். போன ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் சட்டையில் ஒரு காலிப் பொட்டலம் கிடைத்தது. மோந்து பார்த்தேன். புகையிலை வாசனை. கால் நடுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயந்திரம் அவன் வந்ததும் திட்டவில்லை, அடிக்கவில்லை. தட்டில் பலகாரத்தை வைத்துவிட்டுப் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்தேன். பையன் முகம் வெளுத்துப் போயிற்று. "ரெண்டு தடவைதாம்மா. கிளாஸ்ல எல்லாரும் வாய்க்குள்ள வெச்சுக்கிறாங்க. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கிற பெட்டிக் கடையிலதான் வாங்குறாங்க" என்றான்.

இந்த மாதிரிப் பொட்டலங்களுக்கு நம் மாநிலத்தில் 2013-லேயே தடை வந்தது. ஆனாலும் வெளி மாநிலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது, பிடிபடுகிறது, மறுபடியும் வருகிறது என்று பேப்பரில் படிக்கிறோம். படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். அது நம் வீட்டுக் கொடிக்கயிறு வரைக்கும் வந்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெட்டிக் கடைக்குத் தனியாகப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நான் கொடுக்கலைன்னா அடுத்த கடைக்காரன் கொடுப்பான். எங்களுக்கும் போடுறவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான். நீங்க வீட்டைப் பாருங்க" என்றார்.

அன்று மாலை வாசலில் கோலப் பொடி டப்பாவோடு நின்றிருந்தேன். ஒரு பைக் மெதுவாக வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் சிரித்த முகமாக, "ஏங்க்கா, தம்பி நாலரை மணிக்குத்தானே ஸ்கூல் விட்டு வருவான்?" என்று கேட்டான். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பைக் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் நாலு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பையனைக் கூட்டி வந்தேன். என் கணவரிடம் சொன்னபோது, "நீ எதுக்குத் தனியாப் போய்க் கேட்டே?" என்று கோபப்பட்டார். மாமியார், "ஊரு வம்பு நமக்கெதுக்கும்மா, நம்ம பிள்ளை நல்லா இருந்தாப் போதும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இந்தச் சமயத்தில்தான் பெரியவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். முடித்ததும் பத்திரிகைத் துறை படிப்புக்கு மனுப் போடப் போகிறாளாம். அதுவும் சினிமா, சமையல் எழுதுவதற்கு இல்லை. கடத்தல், கள்ளச் சந்தை, லஞ்சம் இதையெல்லாம் துருவி எழுதுவாளாம்! "உனக்கென்னடி பைத்தியமா?" என்றேன். அவள் பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆங்கிலப் படம் போட்டாள். அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரத்தில் வாழ்ந்த வெரோனிகா கெரின் என்ற பெண் நிருபரின் நிஜக் கதை. 2003-ல் வந்த படம். எனக்குப் புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்புறம் பல நாள் ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று, அந்த அம்மாளைப் பற்றித் தான் படித்ததையெல்லாம் சொன்னாள்.

சகோதரிகளே, அந்தக் கதையை நீங்களும் கேளுங்கள்.

வெரோனிகா முதலில் படித்தது கணக்கு. அப்பா கணக்காளர்; அவரிடமே வேலை பார்த்தாள். அப்புறம் வேறு தொழில் செய்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல், 1990 வாக்கில்தான் பத்திரிகைக்கு வந்தாள். கணவர், ஒரு சின்னப் பையன், கால்பந்துப் பைத்தியம், எப்போதும் காரில் ஓட்டம். 1994-ல் அங்கே ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சேர்ந்து போதை மருந்துக் கூட்டங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.

டப்ளினில் 1980-களின் தொடக்கத்திலேயே ஹெராயின் என்ற பாழாய்ப் போன மருந்து ஏழைகளின் அடுக்குமாடி வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. பிள்ளைகள் ஊசி குத்திக்கொண்டு மாடிப் படிகளில் விழுந்து கிடந்தார்கள். அயர்லாந்தில் அது விளைவதில்லை. எங்கோ விளைந்தது, கடல் தாண்டி வந்தது. வெரோனிகா எழுதிய காலத்தில் கஞ்சாப் பிசினும் ஹாலந்து நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கார்க் துறைமுகத்துக்கு வந்து இறங்கி, அங்கிருந்து ரோடு வழியாக டப்ளினுக்குப் போயிற்று. எங்கள் பெட்டிக் கடைக்காரர் சொன்ன மாதிரியேதான். போடுகிறவன் ஒருவன், அவனுக்கு மேல் ஒருவன். மேலே போகப் போக ஆள் யாரென்றே தெரியாது. தெரிந்தாலும் பெயரை எழுத முடியாது. கோர்ட்டில் நிரூபிக்காமல் எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும் என்று, அங்கே பத்திரிகைகள் 'ஜெனரல்', 'சாமியார்' என்கிற மாதிரி பட்டப் பெயர் வைத்துத்தான் எழுதினவாம்.

வெரோனிகா கேட்டது, வீட்டுக் கணக்கு எழுதுகிற எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்விதான். "உனக்கு வரவு என்ன? செலவு எப்படி இவ்வளவு?" ஜான் கில்லிகன் என்று ஒருவன். திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் வந்தவன். ஊருக்கு வெளியே பெரிய குதிரைப் பண்ணை கட்டினான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவள் நேரே போனாள்.

அதற்கு முன்பே இரண்டு தடவை எச்சரிக்கை வந்திருந்தது. 1994 அக்டோபரில் அவள் வீட்டின் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். 1995 ஜனவரி 30-ந் தேதி மணி அடிக்கிறதே என்று கதவைத் திறந்தாள். வந்தவன் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, பிறகு தாழ்த்திக் காலில் சுட்டுவிட்டுப் போனான். போலீஸ் காவல் போட்டார்கள். காவலை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை என்று அதை வேண்டாம் என்றாள். அந்த வருஷம் செப்டம்பரில் குதிரைப் பண்ணைக்குப் போனபோது கில்லிகன் தன்னை அடித்தான் என்று புகார் கொடுத்தாள். மறுநாள் போனில் கூப்பிட்டு, அவளுடைய பையனைத் தூக்கிக்கொண்டு போய் நாசம் செய்துவிடுவேன் என்று மிரட்டியதாகவும் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். என் கண் முன்னால் அந்த பைக் வந்து நின்றது. "குழந்தையை வெச்சுக்கிட்டு இவளுக்கு ஏன்டி இந்த வேலை? பெத்த பிள்ளையைவிடப் பத்திரிகை பெரிசா?" என்று கத்திவிட்டேன்.

பெரியவள் என்னைப் பார்த்தாள். "ஏம்மா, மும்பையில ஜே. டேன்னு ஒரு நிருபர். நிழலுலக ஆளுங்களைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தார். 2011-ல அவரையும் பைக்ல வந்துதான் சுட்டாங்க. 2018-ல சோட்டா ராஜனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. குடும்பத்தை வெச்சுக்கிட்டு இவருக்கு ஏன் இந்த வேலைன்னு அவரை யாராவது கேட்டாங்களா? பொம்பளைன்னா மட்டும் கேக்கறீங்க" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேள்வி மனசை விட்டுப் போகவும் இல்லை.

1996 ஜூன் 26. வேகமாகக் கார் ஓட்டியதற்காக வந்த வழக்கில் கோர்ட்டுக்குப் போய்விட்டு வெரோனிகா டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் அவள் கார் நின்றது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் ஆறு முறை சுட்டான். நாற்பது வயதைக்கூட எட்டவில்லை. இன்னும் இரண்டு நாளில் லண்டனில், ஆபத்தில் இருக்கும் நிருபர்களைப் பற்றிய கூட்டத்தில் அவள் பேசுவதாக இருந்தது.

அடித்ததாகக் கொடுத்த வழக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கைவிடப்பட்டது. சாட்சி அவள் ஒருத்திதான். சாட்சியே போன பிறகு வழக்கு எங்கே?

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷமே அயர்லாந்தில் புதுச் சட்டம் வந்தது. குற்றத்தில் சேர்த்த சொத்தைப் பறிக்கத் தனி அலுவலகமும் வந்தது. வரவுக்குக் கணக்குக் காட்ட முடியாத வீட்டையும் காரையும் கோர்ட் மூலம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். அவள் கேட்ட கேள்விதான் சட்டமாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். கொலைக்காக பிரையன் மீஹன் என்பவனுக்கு 1999-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. கில்லிகன் கொலை வழக்கில் 2001-ல் விடுதலையானான். போதைக் கடத்தலுக்காக 28 வருஷத் தண்டனை விதித்து, அப்பீலில் அதை 20 ஆக்கினார்கள். 2013-ல் வெளியே வந்துவிட்டான்.

"அப்ப போதை ஒழிஞ்சுதாடி?" என்றேன். "இல்லம்மா. இன்னும் விக்குதாம்" என்றாள். பொய் சொல்லி என்னைச் சமாதானம் செய்யவில்லை. அது எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் சொன்னாள். வெரோனிகாவுக்கு முன்னாலேயே, 1983-ல், டப்ளின் அடுக்குமாடி வீடுகளில் இருந்த அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்களாம். விற்கிறவன் வீட்டு வாசலுக்குக் கூட்டமாகப் போய், "எங்கள் பிள்ளைகளுக்கு விற்காதே" என்று நின்றார்களாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் இந்த வேலை என்று கேட்டேனே, அந்த அம்மாக்கள் பிள்ளையை வைத்திருந்ததால்தானே தெருவில் இறங்கினார்கள்!

மால்டா என்ற குட்டித் தீவில் டாஃப்னி கருவானா கலிசியா என்று ஒரு பெண் நிருபர். மூன்று பிள்ளைகளின் தாய். பெரிய மனிதர்களின் கள்ளப் பணத்தை எழுதியவள். 2017 அக்டோபர் 16-ந் தேதி காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். வீட்டிலிருந்த மூத்த மகன் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தானாம். எந்தத் தாய்க்கும் இந்த முடிவு வேண்டாம். ஆனால் அடுத்த வருஷமே 15 நாடுகளைச் சேர்ந்த 45 நிருபர்கள் ஒன்றாகச் சேர்ந்து, அவள் விட்ட இடத்திலிருந்து எழுதினார்கள். ஒருத்தியைக் கொன்றால் விஷயம் அமுங்கிவிடும் என்று நினைத்தவர்கள் 45 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் நான் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. கேட்டது தப்பில்லை. தனியாகப் போய்க் கேட்டதுதான் தப்பு.

பள்ளிக்கூட வாசலில் தினமும் நாலு மணிக்கு நின்றதில் பத்துப் பதினைந்து தாய்மார்கள் பழக்கமாகியிருந்தார்கள். ஒருத்தியிடம் தயங்கித் தயங்கிப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் உடனே அழுதுவிட்டாள். அவள் பையன் பையிலும் கிடைத்ததாம். வெளியே சொன்னால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர் என்று மூடி வைத்திருந்தாளாம். இன்னொருத்திக்கும் அதே கதை. ஏழு பேர் சேர்ந்தோம். தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதினோம். யார் பெயர் முதலில் என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்துப் போடலாம் என்று யோசனை சொன்னவர் என் மாமியார். ஊர் வம்பு வேண்டாம் என்றாரே, அவரேதான்!

தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். ஏழு பேரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்துப் பெற்றோர் கூட்டம் போட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரில் போலீசுக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் புகார் போயிற்று. சோதனைக்கு வந்தார்கள். கடை பத்து நாள் மூடியிருந்தது. இப்போது பிஸ்கட், கடலை மிட்டாய் விற்கிறார். சரக்கு வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பைக் அதன் பிறகு வரவில்லை. ஏழு வீட்டு வாசலில் எந்த வாசலில் போய் நிற்பான்?

சின்னவனை டாக்டரிடம் காட்டினோம். வாயில் புண் எதுவும் இல்லை. இந்தப் புகையிலை சீக்கிரம் அடிமையாக்கிவிடும், நாளடைவில் வாய்ப் புற்றுநோயே வரும் என்று அவனுக்கே புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். உங்கள் பிள்ளை காரமே சேர்க்கவில்லை, ஈறு எரிகிறது என்றால், சட்டைப் பையில் புது வாசனை வந்தால், தயவு செய்து கவனியுங்கள். எடுத்த உடனே கையை ஓங்காதீர்கள். பயந்த பிள்ளை உண்மையைச் சொல்லாது.

பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன். மனுப் படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு இன்னும் பயம்தான், அது போகாது. அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எங்கே போனாலும் ரெண்டு பேருக்காவது சொல்லிட்டுப் போ. எழுதினதை உன்கிட்ட மட்டும் வெச்சுக்காதே. தனியா எதையும் செய்யாதே." "சரிம்மா" என்றாள்.

அவள் போனால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். வெரோனிகாவின் வீட்டிலும் அப்படித்தானே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்? அவளைப் பார்த்து, "குழந்தையை வைத்துக்கொண்டு ஏன் இந்த வேலை?" என்று கேட்டதை நான் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.