டிராயருக்குள் பதினொரு மிஸ்டு கால்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். 2022 மார்ச்சில் ஒரு நாள் முதலாளி கையில் பேப்பரோடு வந்தார். அரசு ஊழியர்கள் ஆபீஸ் நேரத்தில் சொந்த வேலைக்காக செல்போனைத் தொடக் கூடாது, அதற்கு விதிமுறை வகுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவு போட்டிருந்தது.

"கோர்ட்டே சொல்லிருச்சுப்பா! நீதான் பி.காம். படிச்சவன். நமக்கும் ஒரு ரூல் எழுது!"

பி.காமில் டெபிட், கிரெடிட் சொல்லித் தந்தார்கள். செல்போனை எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்: 'காலை பத்து முதல் மாலை ஆறு வரை எல்லா போனும் டிராயருக்குள்.' முதலாளியின் இரண்டு போன்களுக்கு மட்டும் விலக்கு. ஏலமே கம்ப்யூட்டரில் நடக்கிற ஊராச்சே, விலை கேட்க வேண்டாமா?

நாலாம் நாள் மதியம் ஒரு டிராயர் 'கிர்ர்ர்' என்று அதிர்ந்தது. பில் போடும் அண்ணனுடையது. டிராயரைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த என் ரூலைப் பார்த்தார். மறுபடியும் பில் போட ஆரம்பித்துவிட்டார். ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் பதினொரு மிஸ்டு கால்! அவருடைய அப்பாவை நெஞ்சுவலி என்று க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ரூல்னா ரூல்தானே தம்பி" என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரிதான் அந்தச் செய்தியை முழுசாகப் படித்தேன். அவசர அழைப்பு என்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, வெளியே போய்ப் பேசலாம் என்று அதிலேயே இருந்தது. நானும் முதலாளியும் தலைப்போடு நிறுத்திவிட்டோம்!

மறுநாள் எல்லோரையும் கேட்டு, காரணத்தோடு எழுதினேன். போன் சைலன்ட்டில் மேஜை மேல் இருக்கலாம். வீட்டில் எல்லோரிடமும் ஆபீஸ் நம்பர் இருக்கட்டும். அவசரமென்றால் வாசலுக்குப் போய்ப் பேசலாம், காய் பொறுக்கும் அக்காமார்களும்தான். கடைக் கணக்கை மட்டும் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, வியாபார ரகசியம். இந்த ரூலை யாரும் மீறவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடி, டீப்சீக் வேண்டாம், ரகசியம் வெளியே போய்விடும் என்று 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. செய்தி வந்ததுமே பழைய முதலாளியிடமிருந்து போன்.

"தம்பி, அதுக்கும் ஒரு ரூல் எழுதித் தாயேன்!"

"எழுதிடலாம் முதலாளி. போனை முதல்ல பில் போடுற அண்ணன்கிட்ட கொடுங்க!"