முதுகைத் தூக்காதேங்கோ

பிளேட் விலை கூடினதுதான் சாட்டு. உண்மையில் யூடியூப்பில் மடக்குக் கத்தியால் சேவ் எடுக்கிறதைப் பார்த்து வந்த ஆசை. அறையில் நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருத்தன்ர அம்மப்பா ஐம்பது வருசம் சவரத் தொழில் செய்தவர் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. இரண்டு வருசம் ஒன்றாய் இருந்தும் அவன் சொல்லவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

அம்மப்பா பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊரின் பெயர் பொறித்திருந்தது.

முதல் இரண்டு கிழமையும் தீட்டல்தான். கத்தியைக் கல்லில் படுக்க வைக்க வேணும்; முதுகும் வாயும் ஒன்றாய்க் கல்லில் பட வேணும். முதுகின் தடிப்புத்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. "முதுகைத் தூக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல்லில் வாய் முன்னுக்குப் போகும். தோல்வாரில் முதுகு முன்னுக்குப் போகும். நாங்கள் மாறி இழுத்து வாரை வெட்டிப்போட்டோம். "பரவாயில்ல, கன்னம் தப்பிச்சுது" என்று சிரித்தார்.

பிறகு சேவ். சுடுதண்ணித் துவாயால் ஒத்தி, சவர்க்காரம் நுரைத்து, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை முப்பது பாகையளவில் சரித்து, மயிர் வளர்ந்த பக்கமே போக வேணும். "அமத்தாதேங்கோ. அமத்த வேண்டி வந்தா கத்தி மொட்டை." நாடியில் கீறினதுக்குப் படிகாரம் தடவினார். ஒரு கத்தியை மூன்று பேர் பாவிக்க மட்டும் விடவில்லை. இரத்தத்தால் வருத்தம் தொத்தும் என்றார். எங்கள் இருவருக்கும் பிளேட் மாற்றுகிற சலூன் கத்திதான்.

வீடு வீடாய்ப் போன காலத்தைப் பற்றிக் கேட்டோம். கிணத்தடியில், மாமரத்துக்குக் கீழ் வைத்துத்தான் வழிப்பாராம். உள்ளே கூப்பிட மாட்டார்களாம்.

"கழுத்தைத் தந்தவை தம்பி, கதிரை தரேல்ல."

எங்களுக்குப் பொழுதுபோக்காய் இருந்தது கையில் கனத்தது. எங்கட வீடுகளிலும் அப்படி ஒரு கிணத்தடி இருந்திருக்கும்.

பேரன் இதைத் தொடக்கூடாது என்றுதான் படிப்பித்தாராம். ஆனாலும் வெளிக்கிடும்போது கத்தியை அவன்ர கையில்தான் வைத்தார்.

இப்போது எங்கட அறையில் காலையில் தோல்வார்ச் சத்தம் கேட்கும். அவன் கதவைச் சாத்துவதில்லை. போகிற வழியில் பொடியள் எட்டிப் பார்த்து, "ஆற்ற கத்தியடா?" என்று கேட்பார்கள்.

"அம்மப்பான்ர. தொழில் செய்த கத்தி."

முதுகைத் தூக்காமல் தீட்டிக்கொண்டே சொல்லுவான்.