உப்புக் காற்றும் செப்புக் கம்பியும்

கடலில் செல்பவர்கள் புயலுக்கு அஞ்சுவார்கள், பாறைக்கும் அஞ்சுவார்கள். ஆனால், பழைய பாய்மரப் படகொன்றை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். தமது உறக்கத்தைக் கெடுப்பது மின்கம்பி என்று சொல்வார்.

காற்றினால் ஓடும் படகுக்கு மின்சாரம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இரவு விளக்குகள், வானொலி, ஆழமானி, எல்லாவற்றுக்கும் மேலாகப் படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பு ஆகிய யாவும் 12 வோல்ற்றுப் பற்றரியை நம்பியே இயங்குகின்றன. நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையொன்று விழுந்தால், நிமிடத்துக்கு ஐம்பது லீற்றருக்கு மேல் நீர் உட்புகும். அந்த வேளையில் பம்பு சோர்ந்துவிட்டால் படகில் இருப்பவர்களின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், செய்திக் கட்டுரை ஒன்றுக்காகக் காலித் துறைமுகத்துக்குச் சென்றிருந்தேன். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தென்கிழக்காசியாவிலிருந்து செங்கடல் நோக்கிச் செல்லும் பாய்மரப் படகுகள் அங்கு தரித்துச் செல்வது வழக்கம். ஓய்வுபெற்ற ஆங்கிலத் தம்பதியர் 1970களில் கட்டப்பட்ட பத்து மீற்றர் நீளமான படகொன்றில் வந்திருந்தனர். அவர்களுடைய பம்பு மெல்ல மெல்லவே சுழன்றது. ஆறு மாதங்களில் இருமுறை பம்பை மாற்றியும் பயனில்லை. கணவர் மூன்றாவது பம்பு வாங்க விரும்பினார். மனைவியோ, "இந்தப் படகில் அரபிக் கடலைக் கடக்கமாட்டேன். கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஏறுவேன்" என்று உறுதியாகக் கூறிவிட்டார்.

பழுதுபார்க்க வந்தவர் பாசையூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தந்தையின் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வெளியேறியவர். அலைந்து திரிந்து காலியில் படகு மின்வேலை கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. அன்று நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

பம்பு நின்றிருந்தபோது அதன் முனைகளில் மானியை வைத்தார். 12.6 வோல்ற்று. கணவர் என்னைப் பார்த்து, "பார்த்தீர்களா? மின்சாரம் சரியாகவே வருகிறது, பம்புதான் பழுது" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. பம்பை ஓடவிட்டு மீண்டும் அளந்தார். பற்றரியில் 12.4, பம்பில் 9.6. இடையில் 2.8 வோல்ற்று காணாமற்போயிருந்தது.

"அண்ணை, பம்பு சாகேல்லை. கம்பிதான் செத்துப்போச்சு. சும்மா நிக்கேக்கை எல்லா வயரும் நல்ல வயர்தான். சுமை ஏத்தினாத்தான் குணம் தெரியும்."

பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையில் அளந்தார்: 0.6. எதிர்முனைகளுக்கிடையில்: 2.2. பெருங்குற்றவாளி திரும்பிவரும் கம்பி என்பது தெளிவாயிற்று.

ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்ட விதிதான் இது. ஐந்து அம்பியர் மின்னோட்டம் அரை ஓமிலும் குறைந்த ஒரு தடையைக் கடந்தாலே 2.2 வோல்ற்று இழப்பாகிவிடும். வீட்டின் 230 வோல்ற்றில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வோல்ற்றில் அதுவே ஏறத்தாழ 18 வீதம். வீட்டில் எவரும் கவனிக்காத ஒரு பழுதான இணைப்பு படகில் உயிராபத்தாவது இதனால்தான்.

அடித்தளத்தில் கறுப்பு நாடா சுற்றிய முறுக்கிணைப்பு ஒன்று அகப்பட்டது. நாடாவைப் பிரித்தபோது பச்சைத் தூள் உதிர்ந்தது. ஓரடி வெட்டினார்; உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஓரடி, அங்கும் கறுப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, உப்புநீர் செப்பிழைகளினூடாக உறைக்குள் நெடுந்தூரம் ஏறியிருந்தது. மோட்டார் வாகனங்களுக்குரிய வெற்றுச் செப்புக் கம்பியை முன்னைய உரிமையாளர் எவரோ இழுத்திருந்தார். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செப்பிழை வேண்டும்.

இணைப்பை மட்டும் புதுப்பித்தால் போதுமே, செலவும் குறையுமே என்றார் கணவர். நான் மொழிபெயர்த்தேன். "அரைவேலைக்குக் காசு வாங்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. நடுக்கடலிலை இது விட்டால் என்னைக் கூப்பிடேலாது" என்றார் தம்பி. மனைவி எழுந்து பணப்பையை எடுத்துவந்தார்.

வேலை இரண்டு நாட்கள் நீடித்தது. தடித்த புதுக் கம்பி, அழுத்திப் பொருத்திய முனைகள், அவற்றின் மேல் சூடாக்கினால் இறுகிப் பசை கசியும் உறை, பற்றரிக்கு மிக அருகில் ஓர் உருகி. உருகி பம்பைக் காப்பதற்கன்று. கம்பி தீப்பற்றாமல் காப்பதற்கே. ஆகவே அது பற்றரியின் பக்கத்தில் இருக்கவேண்டும். பாய்மர உச்சி விளக்கின் கம்பியும் அதே நோயில் இருந்தது. இழை மின்குமிழுக்குக் கிடைக்கும் வோல்ற்று பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது வீதம் குறையும். தேவேந்திரமுனைக்குத் தெற்கே இரவிரவாகப் பெருங்கப்பல்கள் ஓடும் பாதையில், மங்கிய விளக்குடன் செல்லும் சிறுபடகை எவர் காண்பார்?

இறுதியில் பம்பை ஓடவிட்டு அளந்தார்: 12.1. இழப்பு மூன்று வீதத்துக்குள் வந்திருந்தது. முக்கியமான சுற்றுகளுக்குப் படகு மின்னியலாளர் வைத்திருக்கும் அளவுகோலும் அதுவே. பழைய பம்பு புதியது போல நீரைத் துப்பிற்று. அந்த அம்மையார் விமானம் ஏறவில்லை.

அன்று மாலை அந்த இளைஞரிடம் ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். "சமாதானம் எண்டு எல்லாரும் சொல்லினம். எண்டாலும் சுமை ஏத்திப் பாக்க வேணும் அண்ணை" என்றார். நான்கு ஆண்டுகள் செல்லுமுன்பே நாட்டில் மீண்டும் போர் மூண்டது.

செய்தியாளர் தொழிலில் எத்தனையோ ஒப்பந்தங்கள் கைச்சாத்தான மேடைகளின் முன் அமர்ந்திருக்கிறேன். மேடையில் எல்லாமே 12.6 வோல்ற்றுத்தான். பாரம் ஏறும் நாளில் எங்கே எவ்வளவு கரைகிறது என்று அளந்து பார்க்கும் பொறுமைதான் எங்களிடம் குறைவு.