நாதம் உடையும் எல்லை

மனிதக் குரலின் அழகு முழுவதும் அதன் தூய்மையில் அடங்கிவிடுவதில்லை. தாலாட்டுப் பாடும் தாயின் குரல் நடுவே சற்றுக் கம்மும்போது நம் நெஞ்சும் கூடவே அசைகிறது. இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்கள் உச்ச சுருதியை எட்டுகையில் அக்குரலில் ஒருவகை முரட்டுக் கனம் ஏறும். கல்முனைக் கரையிலே அதைக் கேட்டு வளராதார் அரியர். முற்றும் தெளிந்த குரல் செவியோடு நின்றுவிடலாம். முற்றும் உடைந்த குரல் ஓலமாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே, உடைந்தும் உடையாமலும் நாதம் நிற்கும் எல்லை ஒன்றுண்டு. மின் கிற்றார் வாசிப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேடுவது அந்த எல்லையைத்தான்.

அது தோன்றும் விதத்தை மாணவர் எளிதில் உணரலாம். கடைத்தெருவில் அம்பிளிபயர் என்றும் பாடநூலில் விரியலாக்கி என்றும் வழங்கும் கருவி, தந்தியின் சிறிய மின்னலையைப் பெரிதாக்கித் தருகிறது. அலை அளவோடு இருக்கும்வரை அதன் வடிவம் மாறுவதில்லை. அளவு மீறினால் அலையின் முடி தட்டையாகிவிடும். அவ்வாறு தட்டையாகும்போது அடிப்படை மீடிறனின் இருமடங்கிலும் மும்மடங்கிலும் அதற்கு மேலும் புதிய மேற்றொனிகள் பிறக்கின்றன. பழைய வானொலிப் பெட்டியின் உள்ளே செந்தணலாய் ஒளிர்ந்த வால்வு, அந்த முடியைச் சட்டென வெட்டாது மெல்ல வளைக்கும். ஆதலின் மெல்ல மீட்டினால் தெளிவும் ஓங்கி மீட்டினால் கரகரப்பும் ஒரே கருவியிலிருந்து கிடைக்கும்.

பொறியியலாளர் இதனைக் குறையென்றே கருதினர். கலைஞரோ அதில் சுவை கண்டனர். 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ‘ரொக்கெட் 88’ என்னும் பாடல் பதிவானபோது, சேதமுற்ற விரியலாக்கி ஒன்றின் கரகரத்த ஒலியே அப்பாடலுக்குப் பெயர் தேடித் தந்தது. 1964இல் ஆங்கிலேய இளைஞரான டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறியே, தாம் விரும்பிய ஓசையைப் பெற்றார்.

ஆயினும் வால்வுக்கு ஓர் இயல்பு உண்டு: உரக்க ஒலித்தாலன்றி அது உடையாது. 30 வாற்று வலுவுள்ள வொக்ஸ் விரியலாக்கி அவ்வெல்லையைத் தொடும்போது வீதியே அதிரும். நம் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகள் மதிலோடு மதிலாக நிற்கின்றன. ஐவேளை பாங்கொலி கேட்கும் ஊர். அயலில் பச்சிளங் குழந்தை உறங்கும், முதியவர் நோயுற்றுக் கிடப்பார். அங்கே அத்தகைய ஓசைக்கு இடமேது?

இந்த இடரை நீக்கியது எண்முறைப் பெட்டி. 1998இல் லைன் 6 நிறுவனம் ‘பொட்’ என்னும் சிவப்புப் பெட்டியை வெளியிட்டது. 2011இல் ஜெர்மனியின் கெம்பர் கருவி வந்தது. இத்தகைய பெட்டிகள் தந்தியின் அலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை, பெரும்பாலும் 48,000 தடவை, அளந்து, வால்வு இவ்வலையை எப்படி வளைத்திருக்கும் என்று கணித்து வெளிவிடுகின்றன. அண்மைக் காலத்தில் வந்த சில, உண்மையான விரியலாக்கியின் நடத்தையைக் கேட்டே கற்றுக்கொள்கின்றன. உடைவு வேறு, உரப்பு வேறு என்றாயிற்று. நள்ளிரவிலும் ஹெட்போன் அணிந்து வாசிக்கலாம்.

சாய்ந்தமருதைச் சேர்ந்த என் மாணவர் ஒருவருக்குக் கட்டாரில் தொழில் புரியும் அவருடைய காக்கா இப்படியொரு பெட்டியை அனுப்பியிருந்தார். உம்மா விதித்த நிபந்தனை ஒன்றே: சத்தம் மதிலைத் தாண்டக் கூடாது. மூன்று மாதம் கழித்து அவர் என்னிடம் வந்தார். “சேர், பெட்டிய விற்கப் போறன். எப்படித் திருப்பினாலும் ஒண்டில் தகரம், இல்லாட்டி ஈ இரைச்சல். என்ட கையில இசை இல்ல போல” என்றார். குரலில் விளையாட்டு இல்லை. “விற்கிறத பிறகு பார்ப்பம் தம்பி. நீங்க மெல்லத் தொட்டா என்ன கேட்குது, ஓங்கி அடிச்சா என்ன கேட்குது?” என்றேன். “ரெண்டும் ஒண்டுதான் சேர்” என்றார். நோயின் வேர் அதுவே.

பெட்டிக்குள் ஒலியை ஒரே மட்டமாக அமுக்கும் பகுதியும், மெல்லொலியை இரைச்சலென்று அடைத்துவிடும் பகுதியும் இயங்கிக் கொண்டிருந்தன. முதலில் அவ்விரண்டையும் நிறுத்தினோம். பின்னர், எளிதில் கரகரக்காத பெண்டர் வகை மாதிரியைத் தெரிந்தெடுத்தோம். கெயின் குமிழைத் தாழ்த்தி, மாஸ்டர் குமிழை உயர்த்தினோம்; இவ்வோசையின் பெரும்பகுதி வால்வுப் பெட்டியின் இறுதிக் கட்டத்திலேயே பிறப்பதாகும். கிற்றாரின் ஒலிக்குமிழை முழுதும் திறந்து ஓங்கி மீட்டி, கரகரப்புத் தலைகாட்டும்வரை மட்டுமே கெயினைக் கூட்டினோம். அதன்பின் கிற்றாரின் குமிழைப் பத்தில் ஏழுக்கு இறக்கினோம்.

ஈ இரைச்சலுக்குக் காரணம் வேறு. கிற்றாருக்குரிய 12 அங்குல ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையை வெகுவாகக் குறைத்துவிடும். ஹெட்போனோ அனைத்தையும் செவியிற் கொட்டும். ஆகவே ஒலிபெருக்கியின் மாதிரியையும் பெட்டிக்குள் இயக்கினோம். இன்னுமொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தாழ்ந்த ஒலியில் நம் செவி கனத்த ஓசையையும் கூரிய ஓசையையும் குறைவாகவே உணரும் என்பதை 1933இல் பிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினர். இரவில் மெல்லக் கேட்டு அமைத்தது, மேடையில் உரக்க ஒலிக்கையில் காதைக் குத்துவதும் அதனாலேயே.

மாணவர் மெல்ல மீட்டினார், தெளிந்த மணியோசை. ஓங்கி மீட்டினார், நாதம் ஓரத்தில் கம்மியது. “இப்ப என்ட கைக்கு மறுமொழி சொல்லுது சேர்” என்றார். பெட்டியை விற்கும் பேச்சு அத்துடன் முடிந்தது.

சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்திருக்கும் காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலானந்த அடிகள். விஞ்ஞானம் பயின்ற அவர், வழக்கொழிந்த யாழின் சுருதிகளைக் கணித வழியால் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். மறைந்த கருவியை எண்ணால் மீட்கலாம் என்ற நம்பிக்கை இக்கரைக்குப் புதியதன்று. எண்முறைப் பெட்டியும் அருகிவரும் வால்வை எண்ணாலேயே மீட்டுத் தருகிறது. ஆனால் எவ்வளவு மென்மையாகத் தொடுவது, எப்போது அழுத்துவது என்பதை எந்தக் கணக்கும் நமக்காக முடிவு செய்வதில்லை. பெட்டி வாங்கும் இளைஞர் குமிழ்களைத் திருப்புமுன் நாளுக்கு அரைமணி நேரமேனும் ஒரே தந்தியை மெல்லவும் ஓங்கியும் மீட்டிக் கேட்பாராக. விரலில் அந்த வேறுபாடு பிறந்த பின்னரே பெட்டியில் அது ஒலிக்கும்.