அறுத்த விளிம்பு

மலேசியாவில் கைப்பைக்கு இறக்குமதி வரி 2010 அக்டோபரிலேயே ரத்தாகிவிட்டதே, இனி எந்த வகைப்பாட்டு இலக்கத்தில் சுங்கப் பிரகடனம் எழுதினால் என்ன என்று, எங்கள் காரியாலயத்துக்குப் புதிதாய் வந்த பட்டதாரிப் பிள்ளை ஒருவர் நான் ஓய்வு பெறும் வாரத்திலே கேட்டார். விற்பனை வரி, ஆசியான் சலுகைக்குரிய மூலச் சான்று, மலைப்பாம்புத் தோலானால் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் அனுமதி ஆகிய யாவும் அந்த இலக்கத்தையே பற்றி நிற்பவை என்பதைப் பட்டம் கொடுத்தவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள் போலும்.

எனக்கு இத்தொழிலைக் கற்பித்த பெரியவர், நெகிரி செம்பிலானில் லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றின் புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ரகம் பிரித்தவர். தோட்டம் துண்டாடப்பட்டு விலைபோன பின்னர் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு (இன்றைய போர்ட் கிள்ளான்) வந்து, சரக்கனுப்பும் கம்பெனியொன்றில் சேர்ந்து, அதே கண்ணைத் தோலின்மீது திருப்பியவர். "பில்லை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதல்லே அறுத்துப் பாரு" என்பார். மூலையில் ஒரு கீற்றைப் பிளேடால் அறுத்து, அவ்விளிம்பைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, நார் எங்கே முடிகிறது, மேற்படலம் எங்கே தொடங்குகிறது என்று என்னைச் சொல்லச் சொல்லி, நான் சொல்லும்வரை வாய் திறக்கமாட்டார். ஒட்டிய பிளாஸ்டிக் மொத்தக் கனத்தில் பாதியை எட்டிவிட்டால் சரக்கு சுங்க அட்டவணையில் தோலுக்குரிய 41-ஆம் அத்தியாயத்தை விட்டு பிளாஸ்டிக்குக்குரிய 39-க்குப் போய்விடும். தைத்து முடித்த பையிலோ, 0.15 மில்லிமீட்டருக்குட்பட்டுக் கண்ணுக்குப் புலனாகாத பூச்சைப் பொருட்படுத்தாமல் தோற்பை என்றே கொள்ள வேண்டும். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாய்க் கூடி நிற்கும். முதலைச் செதிலை அச்சிட்டு அவற்றை மறைத்துவிட்டால் மறுபடியும் விளிம்பே கதி. 1988-இல் சரக்கு வகைப்பாட்டுக்கான சர்வதேச ஹெச்.எஸ். முறை அமலுக்கு வந்து எண்களெல்லாம் மாறியபோதும் அவர் பிளேடை விடவில்லை.

மாட்டுத் தோலில் வேறொரு சங்கடம் உண்டு. பதனிட்டதோடு நின்றதற்குத் தலைப்பு 4104. அதற்குமேல் பக்குவப்படுத்தியதற்கு 4107. உலர்த்துமுன் சாயமேற்றியதும் முன்னதிலேயே அடங்கும் என்று அத்தியாயக் குறிப்பே ஸ்பஷ்டமாய்க் கூறியிருக்க, நிறத்தைக் கண்ட மாத்திரத்தில் 4107 என்று எழுதுகிற பிள்ளைகளுக்குக் குறிப்பு என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. விற்பவன் எழுதிய வர்ணனையைக் கணினியில் தட்டுகிறார்கள்; அது கொடுக்கும் எண்ணை வேதவாக்காய் ஏற்கிறார்கள். விற்பவன் 'லெதர்' என்று எழுதாத ரெக்சினை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

மாதிரித் துண்டு கேட்டு வாங்கும் வழக்கத்தையும் சென்ற வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். கூரியர் செலவு மிச்சமாம்.